ஏழு எலுமிச்சம்பழம்

2015 ஏப்ரலில் ஹாலிவுட் நடிகை க்வினெத் பால்ட்ரோ 29 டாலரில் ஒரு வாரம் சாப்பிட்டுக் காட்டுவதாகக் கிளம்பினார். அமெரிக்காவில் அரசின் உணவு உதவியை நம்பியிருந்த ஒருவருக்கு அப்போது வாரத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய அவ்வளவுதான். வாங்கிய சாமான்களைப் படமெடுத்தும் போட்டார்: முட்டை, அரிசி, கறுப்பு பீன்ஸ், ஒரு அவகாடோ, கொத்தமல்லி, கூடவே ஏழு எலுமிச்சம்பழம். ஊறுகாய் போடவா, திருஷ்டி கழிக்கவா என்று விளங்கவில்லை. நாலு நாளிலேயே கோழிக்கறி சாப்பிட்டுவிட்டதாக அவரே எழுதினார். ஊரே எலுமிச்சையைப் பார்த்துச் சிரித்தது. எனக்கென்னவோ கோழிதான் முக்கியமாகப் படுகிறது. நினைத்த மாத்திரத்தில் கோழி வாங்க முடிகிறவருக்குப் பசி எப்படிப் பிடிபடும்? பொழுது விடிந்தால் பாரணை என்ற தெம்பில் கிடக்கிற ஏகாதசிப் பட்டினி வேறு, அரிசிப் பானையின் அடியைச் சுரண்டிவிட்டுக் கிடக்கிற பட்டினி வேறு.

'தேதி குறித்த பட்டினியும் பட்டினிதானே' என்று கேட்கலாம். நியாயம்தான். 1945இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். என்றைக்கு முடியும் என்று தெரிந்திருந்தும் அவர்கள் தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஆனால் அது ஆறு மாதம். ஒரு வாரத்தில் எடை குறைந்த சந்தோஷம்தான் மிஞ்சும். அந்த மினசோட்டா இளைஞர்களுக்கும்கூடப் பக்கத்தில் பாலுக்கு அழுகிற பிள்ளை கிடையாது.

அப்படியானால் இந்த ஒரு வாரச் சவாலெல்லாம் வெறும் வேஷமா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். பசியை அறிய உதவாவிட்டாலும், பசிக்கு அதிகாரிகள் போடும் கணக்கைச் சோதிக்க உதவும். 2011இல் இந்தியாவின் திட்டக்குழு, நகரத்தில் ஓர் ஆள் நாளுக்கு 32 ரூபாய் செலவழித்தால் வறுமைக்கோட்டைத் தாண்டிவிட்டார் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மருந்து, துணிமணி, பஸ் கட்டணம் எல்லாம் அந்த முப்பத்திரண்டுக்குள்ளேயே! முடிந்தால் நீங்கள் வாழ்ந்து காட்டுங்கள் என்று பலர் சவால் விட்டதில் தப்பே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்திருக்கலாம்: எல்லாவற்றையும் சில்லறையாகவே வாங்க வேண்டும், வீட்டில் இருப்பதைத் தொடக் கூடாது. கையில் மொத்தமாகக் காசில்லாதவர் எண்ணெயைக் குட்டிப் பாக்கெட்டிலும் பருப்பை நூறு கிராமாகவும் வாங்குகிறார். கிலோ கணக்கில் பார்த்தால், மாதச் சாமான் போடுகிறவரைவிட அதிக விலை கொடுக்கிறார். சவாலுக்கு உட்காருகிறவரோ அரிசி, பருப்பு, கத்தரிக்காய்க்கெல்லாம் பைசா சுத்தமாகக் கணக்கெழுதிவிட்டு, தாளிக்கும் நேரத்தில் தன் வீட்டு அஞ்சறைப் பெட்டியைச் சத்தமில்லாமல் திறப்பார்.