குப்பை மலையும் நாமும்

சென்னைக்குப் பரங்கிமலை ஒன்று போதாதா? பெருங்குடியில் குப்பை மலை வேறு எதற்கு?
— ஒரு வாசகர், வேளச்சேரி

முன்னதை இயற்கை எழுப்பிற்று. பின்னதை நம் வீட்டு வாசல்கள் எழுப்பின. தென்சென்னையில் பெய்யும் மழையை எல்லாம் ஏந்தி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல வடியவிடும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே, பல தசாப்தங்களாக நகரத்தின் கழிவை வண்டி வண்டியாகக் கொட்டி வந்தோம். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுச் சர்வதேச கௌரவம் பெற்ற நிலம் அதுவே.

அங்கே அடிக்கடி தீ வைப்பவன் யார்?

வாழைப்பழத் தோலும் மிஞ்சிய சோறும் போதாவா? காற்றுப் புகாத ஆழத்தில் அவை அழுகும்போது பிறக்கும் மீத்தேன் வாயு, கோடை வெயிலில் ஒரு சிறு பொறி கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். 2022 ஏப்ரலில் பெருங்குடியில் மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்தது. எரியும் பிளாஸ்டிக்கின் விஷப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றிலும் வாழும் ஜனங்கள்.

தீ அணைந்தால் தொல்லை தீர்ந்ததா?

புகை கண்ணுக்குத் தெரியும், கசிவு தெரியாது. குப்பையினூடே இறங்கும் மழைநீர், நாம் எறிந்த பழைய பாட்டரியின் ஈயத்தையும் காட்மியத்தையும் கரைத்துக்கொண்டு, கறுத்த திரவமாக நிலத்தடி நீரில் சேர்கிறது. வீட்டிலேயே கழிவைத் தரம் பிரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கடமையாக்கிவிட்டன. இன்றே சமையலறையில் இரண்டாவது கூடை ஒன்றை வையுங்கள்.