ஈசானியமும் வாயுமூலையும்

அப்பாவின் எதிரில் குலதெய்வத்தைக்கூடக் குறை சொல்லிவிடலாம். கிணற்றைச் சொல்ல முடியாது. தாம்பரத்தில் மனை வாங்கியதும் வீட்டுக்கு முன்னால் எழுந்தது அதுதான். “கல்கண்டுத் தண்ணி. துவரம்பருப்பு எப்படி வேகுது பார்த்தியா?” என்பார். வாஸ்தவம். கடினத்தன்மை குறைந்த தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். அதில் கிருமி கிடையாது என்று மட்டும் பருப்பு எங்கேயும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்ததில் என் மனைவி, “தண்ணியை டெஸ்ட் பண்ணலாமே” என்றாள். “யார்மேலம்மா சந்தேகம்?” என்றார் அப்பா. வீட்டில் ஒரு வாரம் மௌனம். பிறகு நானே ஆய்வகத்தில் போய்க் கிருமி நீக்கிய பாட்டில் வாங்கிவந்தேன். வெளியே போகப்போகிற பாட்டில், நாலு பேர் பார்ப்பார்கள் என்று அம்மா அதை விம் போட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்தும் வைத்துவிட்டாள். திரும்பவும் ஆய்வகம், திரும்பவும் பாட்டில். இந்தத் தடவை அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

முடிவு வந்தது. உப்பு, ஃபுளூரைடு எல்லாம் தேறிவிட்டன. நைட்ரேட் 45 மில்லிகிராம் வரம்புக்குள் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றது. கடைசி வரியில் ஈ.கோலை. 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அப்பா தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். “எல்லாத்திலயும் பாஸ், ஒண்ணுல ஃபெயில். கிரேஸ் மார்க் கிடையாதா?”

ஈ.கோலை ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. மனிதக் குடலிலோ விலங்குக் குடலிலோ இருந்துதான் வர வேண்டும். மொட்டைமாடி மழைநீர் கிணற்றில் விழுகிற குழாயை முதலில் சந்தேகித்தேன். 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய். மாடிப் புறாக்கள் எழுதிவைத்த கணக்கெல்லாம் முதல் மழையிலேயே நேராகக் கிணற்றுக்கு வரவு. முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு, ஜல்லியும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி. அந்த வேலை ஒரே நாளில் முடிந்தது.

பெரிய விஷயம் மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்தது. எங்கள் கிணறு வாஸ்துப்படி ஈசானிய மூலையில். கிழக்கு வீட்டு சாரும் சாஸ்திரம் பார்க்கிறவர். அவருடைய செப்டிக் டேங்க் வாஸ்துப்படியே வாயுமூலையில். மனைப்படத்தை விரித்துப் பாருங்கள்: என் வடகிழக்கும் அவர் வடமேற்கும் ஒரே இடம்! நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல். இடைவெளி 15 மீட்டராவது வேண்டும் என்பார்கள் சுகாதாரக்காரர்கள். அரை கிரவுண்ட் மனையின் அகலமே இருபதடி. பாதி தூரத்துக்குக்கூட வழியில்லை. போதாததற்கு, நம்மூர் டேங்குகள் பலவற்றுக்கு அடித்தளமே பூசியிருக்காது. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே வந்தால் டேங்கும் கிணறும் சம்பந்தி ஆகிவிடும்.

சாரிடம் பேச்சை எடுத்தேன். “எங்க டேங்க் வாயுமூலையில் இருக்கு சார், தப்பே வராது” என்று காபி கொடுத்தார். காபி, கேன் தண்ணீரில் போட்டது.

குளோரின் போடுவது என்று தீர்மானித்தோம். தெருவில் ஒருவர், “ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டுங்க” என்றார். ஆறடி விட்டம், பத்தடி தண்ணீர் என்றால் சுமார் 8,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் போதும். மொத்தம் 20 கிராம். அதைக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் வாளியில் இறக்கிக் கிணற்றில் கலக்கினேன். ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும். அப்பா மறுநாள் காலைவரை காத்திருந்து, ஒரு வாய் குடித்து, “நீச்சல்குளம்” என்றார்.

மருந்தின் வீரியம் போனதும் ஈ.கோலை திரும்பி வந்தது. டேங்க் கசிகிறவரை வரத்தான் செய்யும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆரம்பித்தோம். டேங்குக்கு அடித்தளம் பூசுவது யார் செலவு என்று சாருக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம் முற்றி, கடைசியில் இருவரும் நம்புகிற ஒரே ஆளை, வாஸ்து ஜோசியரை, மத்தியஸ்தத்துக்கு அழைத்தார்கள். அவர் திசைகாட்டியோடு இரண்டு பக்கமும் நடந்தார். கிணறும் சரி, டேங்கும் சரி, மதில்தான் உயரம் குறைவு என்று தீர்ப்பு. இரண்டடி ஏற்றினால் தோஷம் தாண்டாதாம்.

திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். செலவு பாதிப் பாதி.