ஸ்கடர் வீட்டுக் குலத்தொழில்

தச்சன் பிள்ளை தச்சன், குயவன் பிள்ளை குயவன் என்று நம் ஊர் கெட்டுக் கிடப்பதைப் பார்த்து அமெரிக்கப் பாதிரிமார் ரொம்பவே வருத்தப்பட்டார்கள். சந்தைக்குச் சந்தை நின்று சாதியை எதிர்த்துப் பேசினார்கள். அவர்களில் முன்வரிசையில் நின்றது ஸ்கடர் குடும்பம். தாத்தா மிஷனரி, ஏழு மகன்கள் மிஷனரி, பேரன் பேத்திகளும் மிஷனரி. நாலு தலைமுறையில் நாற்பது பேருக்கு மேல் தேறும். எல்லாருடைய சேவைக்காலத்தையும் கூட்டினால் ஆயிரம் வருடத்தைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கைக் கேட்டால் தச்சனே உளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவான்.

குலத்தின் மூலபுருஷர் ஜான் ஸ்கடர், 1793-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். போதகராகப் போகிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம் என்றார் அப்பா. சரியென்று டாக்டருக்குப் படித்து, நியூயார்க்கில் கைராசிக்காரர் என்று பேரும் வாங்கிவிட்டார். அப்பா நிம்மதியாக இருந்திருப்பார். ஒரு நாள் நோயாளி வீட்டுக்குப் போன இடத்தில் முன்னறையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே கிடந்த ஒரு சிறு புத்தகத்தைப் புரட்டினார். உலகத்தில் அறுபது கோடிப் பேர் சுவிசேஷம் கேட்காமல் இருக்கிறார்கள் என்றது அது. அவ்வளவுதான், ஆள் அவுட். டாக்டரைக் காக்க வைத்தால் என்னவெல்லாம் நடக்கும் பாருங்கள்.

மனைவி ஹேரியட்டையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு 1819 ஜூனில் பாஸ்டனில் கப்பல் ஏறினார். கல்கத்தா வந்து சேர்ந்ததும் அந்தக் குழந்தை இறந்துபோனது. இதில் வேடிக்கை பண்ண எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஊருக்குப் போவோம்.

அடுத்த ஊர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு. அமெரிக்காவும் இங்கிலாந்தும் அடித்துக்கொண்டு ஓய்ந்து ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர்களுக்கு அமெரிக்கர் என்றாலே ஒரு கண் சந்தேகம். 1820-ல் மிஷன் அச்சகத்தை நடத்த அமெரிக்காவிலிருந்து ஓர் அச்சுக்காரர் வந்து இறங்கினார். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ், வந்த வழியே போகலாம் என்று சொல்லிவிட்டார். இருப்பவர்கள் இருக்கலாம், புதிதாக ஓர் அமெரிக்கர் வரக்கூடாது. இந்தத் தடை பத்து வருடத்துக்கு மேல் நீடித்தது. வெளியிலிருந்து ஆள் தருவிக்க முடியாவிட்டால் என்ன, உள்ளூரிலேயே உற்பத்தி செய்துகொள்கிறோம் என்று ஸ்கடர் தம்பதி முடிவு செய்ததாக எந்த ஆவணமும் இல்லை. ஆனால் வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தது.

தொட்டிலோடு விட்டாளா ஹேரியட்? பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வந்தால் அந்த நாளை ஜெபத்தில் கழிப்பது அவள் வழக்கம். வேண்டுதல் ஒன்றுதான்: இவன் மிஷனரியாக வேண்டும். பிறந்தநாளும் அதுவுமாக அடுத்த அறையில் அம்மா முழங்காலில் நின்று நம் எதிர்காலத்தைக் கடவுளிடம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றால், எந்தப் பயல்தான் தப்புவான்?

படிப்புக்கு ஊர் போக வேண்டுமே. பத்து வயதுச் சுமாரில் பையன்களைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பயணமே மாதக்கணக்கு. மூத்த பையன்கள் பெற்றோர் முகத்தைத் திரும்பப் பார்த்தது 1842-ல் அவர்கள் விடுப்பில் போனபோதுதான். இப்படி வளர்ந்த பிள்ளை, ஆளை விட்டால் போதும் சாமி என்று பாங்க் உத்தியோகம் பார்த்திருக்க வேண்டாமா? வரிசையாகத் திரும்பிவந்தார்கள். 1853-ல் ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். மிஷனரிகள் மூன்று பேர், மூன்று பேரும் கூடப்பிறந்தவர்கள். நிர்வாகக் கூட்டம் என்றால் அண்ணன் முன்மொழிய, தம்பி வழிமொழிய, இன்னொரு தம்பி குறிப்பேட்டில் எழுதவேண்டியதுதான். தம்பிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சைலஸ் 1866-ல் ராணிப்பேட்டையில் தொடங்கிய ஆஸ்பத்திரிக்குக் குடும்பப் பேரே நிலைத்துவிட்டது.

கடைக்குட்டி மகனுக்கும் ஜான் என்றே பேர். அந்த ஜானுக்கு ஐந்து பையன்களுக்குப் பிறகு 1870-ல் ராணிப்பேட்டையில் ஒரு பெண் பிறந்தாள். ஐடா. இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த ஆள் இவள்தான், ஏனென்றால் முடியாது என்றாள். தாது வருஷப் பஞ்சத்தில், எழுந்து வாங்கவும் தெம்பில்லாத குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிய்த்து வைத்த சின்னப் பெண் அவள். அதைப் பார்த்தபின், பெரியவளானால் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று தீர்மானித்ததில் என்ன தப்பு? அமெரிக்கா போனாள், நார்த்ஃபீல்டில் படித்தாள், சிரித்தாள், குறும்பு செய்தாள்.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று திண்டிவனம் வந்தாள். ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவம் சிக்கல், நீங்கள் வரவேண்டும் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்றாள். ஆண்பிள்ளையா, வேண்டாம் என்று போய்விட்டார். அப்புறம் ஒரு முஸ்லிம், அப்புறம் இன்னொரு இந்து. அதே கோரிக்கை, அதே பதில். ஒரே தெருவில் நடக்க ஒத்துக்கொள்ளாத ஊரில், பெண் செத்தாலும் ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா போய் அப்பா அம்மாவிடம், டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றாள்.

1899-ல் கார்னெலில் பட்டம். நியூயார்க் பாங்க்காரர் ஷெல் தன் மனைவி நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுக்க, வேலூரில் 1902-ல் ஆஸ்பத்திரி திறந்தது. 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. பெண்களாவது, டாக்டராவது என்று உதட்டைப் பிதுக்கிய துரைமார்களின் பேரெல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. ஐடா காரில் கிராமம் கிராமமாகப் போய்ச் சாலையோரத்தில் வைத்தியம் பார்த்தாள். அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டு முதலில் ஜனங்கள் ஓடியே போனார்களாம். டென்னிஸில் புலி. அறுபத்தைந்து வயதில் ஒரு போட்டியில், போயும் போயும் ஒரு பாட்டியோடா ஆடுவது என்று சலித்துக்கொண்ட இளசை ஒரு கேம்கூட எடுக்க விடாமல் அடித்து அனுப்பினாள் என்பது வேலூர்க்காரர்கள் சொல்லி அலுக்காத கதை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இந்தக் கிளையிலாவது குலத்தொழில் நின்றது என்று ஆசுவாசப்படுவதற்குள் அண்ணன் மகள் டாக்டராகி, வேலூருக்கே கதிரியல் நிபுணராக வந்து சேர்ந்தாள். பேர்? ஐடா ஸ்கடர். நோயாளிச் சீட்டு மாறிப்போகாமல் இருக்க, அத்தையை டாக்டர் ஐடா என்றும் மருமகளை ஐடா பி. என்றும் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள்.