அரைஞாண் கட்டிய ஏழு

பிராங்க்ஃபர்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

"ஏசி ரூமில் உட்கார்ந்து அப்படி என்னதான் வேலை?" என்று போன தடவை கேட்டீர்கள். உங்கள் வேலையேதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நீங்கள் டோன் போட்டு ஜோடிக் கம்பி தேடினீர்கள். நான் ஒரு சர்வரின் வயர் எந்த சுவிட்சில் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்று தேடுகிறேன். ஏசியும் பாதிதான். ரேக்குக்கு முன்பக்கம் கொடைக்கானல். வயர் இருக்கிற பின்பக்கம் நம்மூர் கத்திரி வெயில். ஸ்வெட்டரைப் போடுவதும் கழற்றுவதுமாகவே பொழுது போகிறது.

வயரைப் பிடித்துக்கொண்டே போகலாமென்றால், அது மற்ற வயர்களோடு சடை பின்னிக்கொண்டு தரைக்கடியில் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு மெஷினின் நெட்வொர்க் கார்டுக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு; எந்த போர்ட்டில் எந்த மேக் முகவரி என்று சுவிட்ச் கணக்கு வைத்திருக்கும். ஆனால் அதன் பாஸ்வேர்ட் நெட்வொர்க் குழுவிடம். திங்களன்று எழுதிக் கேட்டால் வியாழனன்று பதில் வரும், "எதற்கு?" என்று.

வயர் நுனியில் கையால் எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. 47. அவசரக்குடுக்கை நான், சுவிட்சில் 47-ஐ உருவினேன். சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் மேனேஜரின் டெலிபோன் பாதிப் பேச்சில் செத்துப்போனது. உங்கள் மகன், டெலிபோனையா கொன்றேன்!

அப்புறம்தான் எல்.எல்.டி.பி. என்ற நெட்வொர்க் பேச்சுமுறை ஞாபகம் வந்தது. அதை இயக்கி வைத்திருந்தால், சுவிட்ச் வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை தன் பெயரையும் போர்ட் எண்ணையும் வயரின் மறுமுனைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்த வீட்டுத் திண்ணை வரைக்கும்தான். அதைத் தாண்டிப் போகாது. சிஸ்கோ கம்பெனி சுவிட்சுகளுக்கென்று தனிப் பேச்சு உண்டு, சி.டி.பி.; அது 60 வினாடிக்கு ஒருமுறை. வயரில் வருவதை ஒட்டுக்கேட்கும் டிசிபிடம்ப் என்ற புரோகிராமை சர்வரில் ஓடவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கழுத்தில் வியர்வை இறங்குவதற்குள் வந்துவிட்டது: போர்ட் 41.

சீட்டை மறுபடி பார்த்தேன். இங்கே ஒன்று என்ற எண்ணைக் கீழிருந்து நீளமாக இழுத்து ஏற்றித்தான் எழுதுகிறார்கள். நம் கண்ணுக்கு அச்சு அசல் ஏழு. அவர்களுடைய நிஜ ஏழுக்கு இடுப்பில் குறுக்கே ஒரு கோடு, அரைஞாண் கட்டினாற்போல.

இப்போது நானும் கட்டத் தொடங்கிவிட்டேன். கவரின் மேல் பின்கோடில் 627-ஐப் பார்த்துவிட்டு நம் போஸ்ட்மேன் முறைத்தால், அது அடித்தல் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்