பெட்டைநாய் மூத்திரவியல்: ஒரு சிற்றிலக்கணம்

நாய் காலைத் தூக்கும் என்பது ஊரறிந்த செய்தி. தூக்குவது ஆண் நாய் என்பதும், பெட்டை ஓரமாகக் குந்தி வயிற்றுப் பாரத்தை இறக்கிவிட்டுப் போகும் சாதுப் பிராணி என்பதும் அதையொட்டி ஊர் கட்டிவைத்திருக்கும் சித்தாந்தம். அதை மறுப்பதே இந்நூலின் பயன். பெட்டையும் எழுதுகிறது; ஊர் பார்க்க எழுதுவதில்லை, அவ்வளவுதான். இந்நூலைக் கேட்க உரியார் யாரெனின், விடியற்காலையில் கையில் நாய்ச்சங்கிலியோடு தெருமுனையில் கொட்டாவி விட்டபடி நிற்பவர். உரியர் அல்லார், தம் ஸ்கூட்டர் டயரைக் கழுவிக்கொண்டிருப்பவர். அவருக்கு நடுநிலை வாய்க்காது.

முதற்கண் எல்லை வகுப்போம். நாயின் பெய்தல் இருவகைப்படும்: இறக்கல், எழுதுதல். இறக்கல் எல்லா உயிர்க்கும் பொது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் விலங்குகள் பெய்வதை நேரம் குறித்துப் பார்த்து, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டி, ஆடாயினும் யானையாயினும், நிறைந்த பையைக் காலி செய்யச் சராசரியாக 21 வினாடி எடுத்துக்கொள்கிறது என்று 2014இல் எழுதினார்கள். மறு ஆண்டு அதற்கு, சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. எழுதுதலுக்கு, அதாவது பிற நாய்களின் மூக்குக்குச் செய்தி விட்டுப்போவதற்கு, இரண்டு வினாடியே மிகை. பை நிறைந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. வீட்டு வாசலிலேயே கொட்டித் தீர்த்துவிட்ட நாய், தெருக்கோடி வரை பத்து இடத்தில் நின்று நின்று சொட்டுவதைக் காண்பவர், இவ்வளவு நேரம் இது எங்கே இருந்தது என்று வியப்பர். உள்ளேயேதான் இருந்தது, சேமித்து வைத்துச் செலவழிக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய வால் பக்கம் பார்ப்பவர் ஏமாறுவர். மூக்கைப் பார்க்க வேண்டும். இறக்கலில் மூக்குக்கு வேலை குறைவு. எழுதுதலில் மூக்கே முதல்வன்.

இதற்கு எங்கள் தெருச் செவலைப் பெட்டை சான்று. காதில் வெட்டு உண்டு, அதாவது மாநகராட்சிக்காரர்கள் கொண்டுபோய்க் கருத்தடை செய்து கொண்டுவந்து விட்டது. காலையில் துள்ளுநடையாக வரும். மின்கம்பத்தைத் தாண்டிப் போனது, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் சடக்கென்று நிற்கும். திரும்பி வந்து கம்பத்தின் அடியில், முழங்கால் உயரத்தில் ஓடும் ஈரக்கோட்டில் மூக்கின் நுனியை வைக்கும். மூச்சு பொடிப்பொடியாக உள்ளே போகும் சத்தம் பக்கத்தில் நின்றால் கேட்கும். ஒருமுறை நக்கும். பிறகு கீழ்த்தாடை குளிரில் நடுங்குவதுபோல் கடகடவென்று அடிக்கும். மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் திறக்கும் நுண்குழல் வழியாக வாசனையை உள்ளே அனுப்பும் வேலை அது. அங்கே உள்ள உறுப்பை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தவர் டென்மார்க்கின் லுட்விக் யாக்கப்சன். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வாசிப்பு முடிந்தபின், மூக்கு இருந்த இடத்துக்குப் பிட்டம் வரும்படி உடம்பைத் திருப்பும். அரைக்குந்தல். இடது பின்னங்கால் தரையிலிருந்து நாலு விரற்கடை எழும்பும். மூன்று சொட்டு. அதையும் ஒருமுறை மோந்து சரிபார்த்துவிட்டுப் போய்விடும்.

அந்த நாலு விரற்கடையில்தான் நிலையியல் முழுதும் அடங்கும். 1973இல் ஸ்ப்ரேக், அனிஸ்கோ என்னும் இருவர் ஆய்வுக்கூடத்து பீகிள் நாய்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, சிறுநீர் கழிக்கும் நிலைகள் பன்னிரண்டு என்று வகுத்தனர். நிற்றல், சாய்தல், தூக்கல், குந்தல், முதுகு வளைத்தல், முன்னங்கால் ஊன்றி நிற்றல் முதலியனவும், அவற்றுள் சில இரண்டிரண்டாகக் கூடிப் பிறப்பனவும் எனப் பன்னிரண்டு. நம்மவர் எவரும் இதற்கு முன் இவ்வளவு பொறுமையாக ஒரு நாயைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெட்டைக்குப் பெருவழக்கு குந்தல். ஆனால் அவளுக்கே உரிய சிறப்பு நிலை குந்தித்தூக்கல்: உடம்பு குந்தியிருக்கும், ஒரு பின்னங்கால் மட்டும் மடங்கி வயிற்றுக்கடியில் முன்னோக்கி எழும். தூரத்தில் நிற்பவனுக்கு அது குந்தலாகவே தெரியும். ஊரின் சித்தாந்தம் பிறந்தது இந்தத் தூரத்தினால்தான்.

முன்னங்கால் ஊன்றி நிற்றல் அரியது. சிறு சாதி நாய்களிடம் காணலாம். அடுக்ககத்துப் பொமரேனியன் ஒன்று சுற்றுச்சுவருக்கு முதுகு காட்டி, பின்னங்கால் இரண்டையும் சுவரில் ஏற்றி, சர்க்கஸ்காரி போல் முன்னங்காலில் நின்று பெய்வதைக் கண்டவர்கள் முதலில் அதற்கு ஏதோ நோய் என்றே நினைப்பர். நோயன்று, உயர ஆசை. ஆண் நாய்களிடம் கார்னெல் பல்கலைக்கழகத்தார் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய நாய்கள் பெரியவற்றைவிடக் காலை அதிகக் கோணத்தில் தூக்குகின்றன என்று கண்டனர். தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ளும் முயற்சியாக இருக்கலாம் என்பது அவர்கள் ஐயம். பொமரேனியன் பெட்டைக்கும் அதே ஐயத்தின் பலனை அளிக்கலாம்.

எந்தக் கால் என்னும் வினாவுக்கு விடை சுருக்கம். தமிழகத்தில் சாதிகளுக்குள் இடங்கை வலங்கை வழக்கு சில நூற்றாண்டு ஓடியது. நாய்களிடம் அப்படியொரு கட்சி இல்லை. கூட்டமாக எடுத்துப் பார்த்தால் இடமும் வலமும் ஏறக்குறைய சமம். எந்தத் திசை என்பதற்கு விடை அவ்வளவு சுருக்கமன்று. செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில் நாய்கள் மலம் கழிக்க வடக்கு தெற்காக உடம்பை அமைத்துக்கொள்ள விரும்புகின்றன என்று 2013இல் எழுதி, அடுத்த ஆண்டு அவர்களும் ஒரு இக் நோபல் வாங்கினர். வாஸ்து நிபுணர்கள் கண்ணில் இது இன்னும் படவில்லை, படாதவரை நல்லது.

இனி முதற்பொருள். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் மரபு. நாய்க்கும் அஃதே.

நிலம் இரண்டு: அகம், புறம். தன் வாசலும் தன் தெருவும் அகம், அதற்கப்பால் புறம். விராண்ட், மெக்வயர் என்னும் இரு ஆய்வாளர்கள் ஜாக் ரஸ்ஸல் டெரியர் பெட்டைகளோடு நடந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை இவ்விலக்கணத்துக்கு மூலநூல் எனத்தகும். அகத்தில் நடக்கும்போது பெய்ததைவிடப் புறத்தில் நடக்கும்போது பெட்டைகள் அடிக்கடி பெய்தன. அங்கே வெறுந்தரையில் விடாமல், குறிப்பிட்ட பொருளை நோக்கியும் அதிகம் பெய்தன. வயதேறிய பெட்டை இளையதைவிட இதில் தேர்ந்தது. வெறும் பாரம் இறக்குவதாயின் இடத்துக்கும் வயதுக்கும் அங்கே என்ன வேலை? பெட்டையின் மூத்திரமும் செய்தியே என்று அவர்கள் முடித்தனர். இந்நூலும் அவ்வழியே செல்லும்.

பொழுது என்பது பருவம். பெட்டை ஏறக்குறைய ஆண்டுக்கு இருமுறை ஹீட்டுக்கு வரும். முதல் ஒன்பது நாள் அளவில் இரத்தம் படும், ஆணை அண்டவிடாது. அடுத்த ஒன்பது நாள் அளவில் அண்டவிடும். எழுத்து பெருகுவது அண்டவிடும் நாளுக்குக் காத்திருப்பதில்லை. அதற்கு முன்பே தெருவெல்லாம் சொட்டத் தொடங்கிவிடும், பத்திரிகை முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும் அல்லவா. தெருநாய்களுக்குப் பெரும்பொழுதும் உண்டு. மேற்கு வங்கத்தின் காட்வாவில் தெருநாய்களைக் கவனித்து எஸ். கே. பால் 2003இல் எழுதியதன்படி, மழைக்காலத்தின் பிற்பகுதியில், இணைசேரும் பருவத்தில், எழுத்து உச்சம் தொடும்; அண்டை நாய்கள் முட்டிக்கொள்ளும் எல்லைகளில் அதிகம் காணப்படும். நம்மூரில் மார்கழி மாச நாய் என்று வைவது ஆண்களைத்தான். அழைப்பை எழுதி ஒட்டியவர் யார் என்று எவரும் விசாரித்ததில்லை.

அந்த அழைப்பில் என்ன மையால் எழுதியிருக்கிறது என்ற விசாரணை வேடிக்கையானது. 1979இல் சயன்ஸ் இதழில், ஹீட்டில் உள்ள பெட்டையின் கசிவில் ஆணை இழுக்கும் பொருள் மெத்தில் பாரா ஹைட்ராக்ஸி பென்சோயேட் என்று ஒரு கட்டுரை வந்தது. மெத்தில்பாரபென் என்ற பெயரில் முகப்பூச்சு, ஷாம்பூ கெடாமலிருக்கச் சேர்ப்பார்களே, அதே பொருள். பின்வந்தவர்கள் சோதித்துவிட்டு இதை ஒப்பவில்லை. ஒப்பியிருந்தால் ஃபேன்சி ஸ்டோர் வாசல்களில் என்றும் மார்கழியாகவே இருந்திருக்கும்.

கருப்பொருள் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மின்கம்பம், மதில் மூலை, கட்சிக்கொடிக் கம்பத்தின் அடிப்பீடம், டீக்கடைப் பெஞ்சின் கால், மணல் மூட்டை, நிறுத்திய வண்டியின் டயர். டயருக்கு ஒரு தனிச் சிறப்பு: அது நேற்று எங்கோ போய் வேறு தெரு நாய்களின் எழுத்தையும் சுமந்து வந்திருக்கும்.

உரிப்பொருளில் மூன்று. ஒன்று விளம்பரம், மேலே சொல்லப்பட்டது. இரண்டாவது மறுமொழி: பிறர் எழுத்தின் மேலோ அருகிலோ எழுதுவது. இதை ஆணின் தொழில் என்று நினைத்திருந்தனர். லிஸ்பெர்க், ஸ்னோடன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் பெட்டைகளும் மறுமொழி இட்டன. வாலின் அடி உயர்ந்து நிற்கும் நாயே அதிகம் இட்டது. அதாவது தெருவில் நிமிர்ந்து நடப்பவள் எழுதுவாள். எங்கள் செவலைக்கு வால் முதுகின்மேல் சுருண்டுதான் இருக்கும்.

மூன்றாவது இல்லறம். இதற்கு நாயின் மூதாதை வகையறாவான ஓநாயிடம் போக வேண்டும். மினசோட்டா காடுகளில் பனியில் தடம் பார்த்து நடந்த பீட்டர்ஸ், மீச் இருவரும் 1975இல் எழுதியதிலிருந்து, கூட்டத்தில் குட்டி போடும் இணையே எழுதும், மற்றவை அடங்கிப் பாரம் மட்டும் இறக்கும் என்ற சித்திரம் கிடைக்கிறது. அந்த இணையில் பெண்ணும் கால் மடக்கி எழுதும். புதிதாகச் சேர்ந்த இணை ஒன்றன்மேல் ஒன்றாக இருவர் எழுத்தையும் சேர்த்து இடுவது மிகுதி என்று மீச், ராத்மன் இருவரும் 1979இல் காட்டினர். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பெயர் அச்சிடுவது நமக்குப் புதிது, அவற்றுக்குப் பழையது.

புறனடை. கருத்தடை செய்த பெட்டை எழுதாது என்பார் கூற்று பிழை. பருவத்தோடு வரும் பெருக்கம் நிற்கும். மற்ற எழுத்து நிற்காது. காதில் வெட்டுள்ள செவலையே அதற்கும் சான்று. எழுத்துப்போலத் தோன்றி எழுத்தல்லாதனவும் உள. வீட்டு ஆள் அலுவலகத்திலிருந்து வந்ததும் மல்லாந்து படுத்து நனைக்கும் குட்டி எழுதவில்லை, பணிகிறது. தூங்கும்போது பாயில் ஈரம் கசியவிடும் கருத்தடை செய்த பெட்டையும் எழுதவில்லை. மூத்திரக்குழாயின் வாய் தளர்ந்திருக்கிறது. மருந்து உண்டு. அரைமணிக்கு ஒருதரம் குந்திச் சொட்டு சொட்டாக முக்குவது, அதில் சிவப்பு தெரிவது, அந்த இடத்தை ஓயாமல் நக்குவது, இவை மூன்றும் மூத்திரத்தில் கிருமி என்பதன் அடையாளமாக இருக்கலாம். அங்கே இலக்கண ஆராய்ச்சி செய்துகொண்டிராமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவதே முறை. வீட்டில் புதுக் குழந்தையோ புது நாயோ வந்தபின், இதுவரை ஒழுங்காக இருந்த பெட்டை சோபாவின் காலில் எழுதுவது மட்டும் எழுத்தே. அடித்துப் பயனில்லை, பினாயில் போட்டாலும் மனிதன் மூக்குக்குத்தான் அழியும். அதற்கென்று விற்கும் நொதித் திரவத்தால் துடைக்க வேண்டும்.

எஞ்சியது ஒரு வழக்கு. எழுதி முடித்த பெட்டை சில வேளை பின்னங்கால்களால் மண்ணைப் பர்பர்ரென்று வாரி இறைக்கும். பாதத்து வாசனையையும் சேர்த்து வைக்கிறது என்பர் ஒருசாரார். கீறல் கண்ணுக்குத் தெரியும்படி அடிக்கோடு இடுகிறது என்பர் வேறு சாரார். இதை மூத்திரவியலில் அடக்குவதா, காலியலில் அடக்குவதா என்பதும் தீரவில்லை. காலியலை வேறு யாராவது எழுதட்டும்.