தென் கரோலினா சட்டமன்றத்தின் மேலான பார்வைக்கு

பெறுநர்: மாண்புமிகு உறுப்பினர்கள், மாநிலச் சட்டமன்றம், கொலம்பியா, தென் கரோலினா, அமெரிக்கா.

பொருள்: வீட்டிலிருந்தபடியே கண்ணாடிச் சீட்டுப் பெறும் கொடுமையிலிருந்து குடிமக்களைக் காத்தமைக்கு நன்றி நவிலல்.

பெருமதிப்பிற்குரியீர்,

2016ஆம் ஆண்டில் ஆளுநர் நிக்கி ஹேலி ஒப்புதல் தர மறுத்துத் திருப்பியனுப்பிய கண் பராமரிப்பு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை, அம்மறுப்பையும் மீறிப் பெருவாரியான வாக்குகளால் நிறைவேற்றிய தங்கள் மன்றத்தின் துணிவு கண்ணுள்ள எவராலும் மறக்கத்தக்கதன்று. கண்ணின் ஒளிவிலகல் பிழையை, அதாவது மக்கள் ‘பவர்’ என்று வழங்கும் அளவை மட்டும் கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கோ கான்டாக்ட் லென்சுக்கோ சீட்டு எழுதலாகாது என்று விதித்த அச்சட்டம், தானியங்கிப் பரிசோதனைக் கூண்டுகளுக்கான தடையில் கைப்பேசிச் செயலியையும் சேர்த்துக்கொண்டது.

இத்தனை விழிப்புக்கும் காரணமான பேராபத்து, சிகாகோவைச் சேர்ந்த ஆப்டர்நேட்டிவ் நிறுவனத்தின் இணையவழிச் சோதனைதான். அதில் பயனர் தமது காலணி அளவைக் குறித்துவிட்டு, ஒரு காலின் விரல்நுனியை மறுகாலின் குதியோடு ஒட்டி வைத்து நடந்து கணினித் திரைக்கான தொலைவை அளந்துகொண்டு, திரையில் தோன்றும் உருவங்களுக்குக் கைப்பேசி வழியே விடையளிக்க, அவ்விடைகளைக் கண் மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து சீட்டில் ஒப்பமிட்டு வந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர். சட்டமன்றம் மட்டும் நகரவில்லை.

தங்கள் அச்சம் முற்றிலும் பொய்யன்று. கண் அழுத்த நோய் அறிகுறி காட்டாமலே பார்வையைப் பறிக்கக்கூடியது. கான்டாக்ட் லென்சால் கருவிழியில் தொற்று உண்டாகலாம். இவற்றைத் திரையில் எழுத்துப் படிக்கும் சோதனை காட்டிக்கொடுக்காது. உரிய அனுமதியின்றிச் சந்தைப்படுத்தியதற்காக மத்திய உணவு, மருந்து நிர்வாகமே 2017இல் அந்நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் விடுத்தது. ஆனால் அதே நிர்வாகம் 2022இல், விசிப்ளி எனப் பெயர் மாறியிருந்த அந்நிறுவனத்தின் பார்வைக்கூர்மைச் சோதனையை 22 முதல் 40 வயது வரையிலானோருக்கு அனுமதித்தது. குறையை ஆராய்ந்து எல்லை வகுக்கும் இத்தகைய பொறுமையைவிட, கருவியையே விலக்கிவிடுவது எளிது என்பதைத் தங்கள் மன்றம் முன்கூட்டியே உணர்ந்திருந்தது போலும்.

மேலும், பிற நோய்களுக்கு மருத்துவர் திரைவழியே சிகிச்சை தொடங்க இடமளிக்கும் தொலைமருத்துவச் சட்டத்தையும் அந்த 2016ஆம் ஆண்டிலேயே இயற்றிய தங்கள் பரந்த மனம், கண்ணருகே வந்ததும் ஏன் சுருங்கியது என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு ஒரு குறிப்பு: அமெரிக்காவில் ‘ஆப்டோமெட்ரிஸ்ட்’ எனப்படும் பார்வைப் பரிசோதகர் பலர் சீட்டும் எழுதி, கண்ணாடியும் விற்பவர்கள். வாங்குபவர் வேறு கடைக்குப் போய்விடாதபடி சீட்டைக் கையில் தராமலிருந்த வழக்கத்தை ஒழிக்க, கேட்காமலே அதைத் தந்துவிட வேண்டும் என்று மத்திய வணிக ஆணையம் 1978இல் விதி செய்ய வேண்டியிருந்தது. கான்டாக்ட் லென்சுக்கு அதே உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிட்டியது. இவ்வரலாறு தங்கள் செவிக்கு எட்டியிருக்காது. எட்டியிருந்தால் தங்கள் சட்டத்தின் பெயரில் ‘நுகர்வோர்’ என்ற சொல் இடம்பெற்றிருக்காது.

ஆகவே, இனி குடிமக்களின் கண்களைக் காக்க முனையும்போது, முழுமையான நேர்ப்பரிசோதனை எத்தனை ஆண்டுக்கொருமுறை தேவை என்பதை வயதையும் நோய் வரலாற்றையும் கொண்டு மருத்துவரே முடிவு செய்ய விடுமாறும், இடைக்காலத்தில் பவரை அளக்கும் கருவி எதுவென்று தேர்ந்துகொள்ளும் பொறுப்பையும் அவருக்கே விட்டுவிடுமாறும் வேண்டப்படுகிறது.