பிரீடர் கை காட்டும் குட்டி

கேள்வி: ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறோம். எந்தக் குட்டி என்பதைத் தானே முடிவு செய்வதாக பிரீடர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகி, பொழிச்சலூர்

பதில்: நல்ல பிரீடர் என்றால் தாராளமாக!

ராஜபாளையம் குட்டிகள் பெரும்பாலும் ஒரே வெள்ளை. பார்க்கப் போகிறவர்களின் மனம் ஓடிவந்து காலைச் சுற்றும் குட்டியிடம்தான் போகும். அது பாசக்காரக் குட்டியாக இருக்கலாம். மற்றவை பால் குடித்த மயக்கத்தில் கிடக்க, அது மட்டும் அப்போதுதான் விழித்திருக்கலாம். பிரீடரோ பிறந்ததிலிருந்து பார்ப்பவர். எது முரடு, எது மிரளும், எது சொன்னதைக் கேட்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

அவர் நல்லவர்தானா என்று சோதிக்க, 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் உதவும். நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். தாய் நாயையும் நேரில் பாருங்கள்.

ராஜபாளையம் இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூருக்கு, விமானச் சத்தத்துக்கு அசராத குட்டிதான் பொருத்தம். ஆனால் அந்தத் தைரியம் காது கேட்காததால் வந்ததாக இருந்துவிடக் கூடாது! குட்டியைத் தனியே விட்டு, அது பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் குழந்தைகள் உண்டா, ஓட இடம் இருக்கிறதா, பகலில் யார் இருப்பார்கள் என்பதையெல்லாம் பிரீடரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவர் எந்தக் குட்டியைக் காட்டினாலும், ஏன் அது என்று காரணம் கேளுங்கள்.